சிதைவைச் செதுக்க முடியாது

கடலோரப் பாறைகளில் தேன்கூடு போலக் குழி விழுந்திருப்பதைப் பலரும் பார்த்திருப்பீர்கள். அதே குழிகளைக் களிமண்ணில் கருவியால் குடைந்து பாருங்கள். அளவு சரியாக இருக்கும், ஆழம் சரியாக இருக்கும், ஆனாலும் ஏதோ ஒன்று கண்ணை உறுத்தும். கருவிக்கு எல்லா இடமும் ஒன்றுதான்; கை போன இடமெல்லாம் குடையும். காற்றும் நீரும் உப்பும் அப்படி வேலை செய்வதில்லை. எங்கே தளர்ந்திருக்கிறதோ அந்த இடத்தைத் தேடிப் பிடித்துத் தின்னும். கெட்டியான இடத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு விட்டுவிடும்.

அதனால் சிதைவை ஒரு தோற்றமாக எடுத்துக்கொண்டு செராமிக்கில் இறங்குவதை நான் விட்டுவிட்டேன். எங்கே பலம், எங்கே பலவீனம் என்பதை முதலில் தீர்மானித்து அதை மண்ணுக்குள் கட்டிவிடுகிறேன். பிறகு தண்ணீரையோ தீயையோ வாயுவையோ உள்ளே விட்டு வேலை வாங்குகிறேன். எனக்குக் கைகொடுத்த வழிகள் எல்லாமே இந்த ஓர் இடத்திலிருந்து கிளைத்தவை.

முதலில் பாறையைப் பார்க்கப் பழக வேண்டும். ஒரு சதுரக் கல் வெயிலிலும் மழையிலும் கிடந்தால் முதலில் மழுங்குவது மூலைதான். மூலைக்கு மூன்று பக்கத்திலிருந்து அடி விழுகிறது, விளிம்புக்கு இரண்டு பக்கத்திலிருந்து, முகப்புக்கு ஒரே பக்கத்திலிருந்து. கட்டம் கட்டமாக விரிசல் விட்ட கருங்கல் மலைகள் நாளடைவில் உருண்டைப் பாறைகளின் குவியலாக மாறுவது இதனால்தான். முகப்பெல்லாம் பள்ளமும் மூலையெல்லாம் கூர்மையுமாக ஒரு சிற்பம் இருந்தால், பார்ப்பவருக்குக் காரணம் சொல்லத் தெரியாமல் போகலாம். இது யாரோ உட்கார்ந்து செய்தது என்பது மட்டும் உடனே பட்டுவிடும்.

தேன்கூட்டுக் குழிகளுக்கு வேறு கணக்கு. உப்புநீர் பாறையின் நுண்துளைகளில் ஏறுகிறது. காயும்போது உப்பு படிகமாகி வளர்ந்து, துளையின் சுவரை நெருக்கி மணல் மணலாக உதிர்க்கிறது. குழி விழுந்த பிறகு அதன் உட்புறம் நிழலாகிவிடுவதால் ஈரம் அங்கே கூடுதல் நேரம் தங்குகிறது. உப்பும் அங்கேயே தொடர்ந்து வேலை செய்கிறது. குழி ஆழமாகிக்கொண்டே போக, நடுச்சுவர்கள் மெலிந்து கூராக நிற்கின்றன. பெரிய குழிக்குள் சிறியவை இருக்கும். இரண்டு குழிகளுக்கு இடையிலான சுவர் பொத்தலாகி இரண்டும் ஒன்றாகியிருக்கும். பாறைக்கு முன்னால் உட்கார்ந்து பென்சிலால் வரைந்து பாருங்கள். புகைப்படம் சொல்லாததை அது சொல்லும். வரையும் கை ஒரு சுவரின் முடிவுக்கு வரும்போது, 'இது ஏன் இங்கே நின்றது?' என்ற கேள்வி தானாக வந்துவிடும்.

இனி மண். களிமண்ணே சிதைவின் விளைச்சல்தான். கருங்கல்லில் இருக்கும் ஃபெல்ட்ஸ்பார் என்ற கனிமம், கரியமில வாயு கரைந்த மழைநீரில் மிக மெதுவாக உடைந்து கயோலினைட் என்ற களிமண் கனிமமாக மாறுகிறது. அப்படிப் பிறந்த மண், தண்ணீர் பட்டால் மறுபடியும் கலைந்துபோகத் தயாராகவே இருக்கும். சூளையில் சுமார் 500 முதல் 600 டிகிரி செல்சியஸில் கயோலினைட்டுக்குள் கட்டுண்டிருக்கும் நீர் வெளியேறிய பிறகுதான் அந்தச் சுபாவம் போகிறது. அதுவரை மண் மழைக்குக் கட்டுப்பட்டது. ஆகவே நீர் செய்ய வேண்டிய வேலை எல்லாவற்றையும் முதல் சூட்டுக்கு முன்பே முடித்துவிடுகிறேன்.

இதில் பதம் மிக முக்கியம். தோல் பதத்தில், அதாவது பாதி காய்ந்து இறுகிய நிலையில், இருக்கும் மண்ணைத் தண்ணீரில் வைத்தால் மேலே வழவழவென்று ஆகும், அவ்வளவுதான். அதே மண் சுக்காகக் காய்ந்த பிறகு தண்ணீரில் வைத்தால் குமிழிவிட்டுக்கொண்டு பொலபொலவென்று உதிரும். காய்ந்த துளைகளுக்குள் நீர் வேகமாகப் புகுந்து உள்ளே இருக்கும் காற்றை நெருக்குவதால் வரும் உதிர்வு அது. அரைகுறையாகக் காய்ந்த கட்டியில் இந்த வேலையைத் தொடங்கினால் சேறுதான் மிஞ்சும்.

நான் கட்டியை அமைக்கும் முறை இது. ஒரே களிமண்ணை மூன்று பங்காகப் பிரிக்கிறேன். ஒன்று அப்படியே இருக்கும். இரண்டாவதில் மணலும் குரோக்கும் தாராளமாகச் சேரும்; குரோக் என்பது சுட்ட மண்ணை உடைத்த குருணை. மூன்றாவதில் காகிதக்கூழ். இந்த மூன்றையும் சமமில்லாத தடிமனில் அடுக்கி, தட்டி, சில இடங்களில் மடித்து, ஒரே கட்டியாக்குகிறேன். அடிப்படை மண் ஒன்றாகவே இருக்க வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். குரோக் நிறைந்த ஸ்டோன்வேர் மண், அதாவது உயர்சூட்டில் கல் போல் இறுகும் மண், சுட்டு முடியும்போது பொதுவாக 8 முதல் 10 சதவீதம் வரை சுருங்கும். போர்சலின் என்ற வெண்பீங்கான் மண் 12 முதல் 15 வரை போய்விடும். இரண்டையும் பெரிய அளவில் ஒட்டினால் சேர்ந்த இடமெல்லாம் விட்டுப்போகும். அந்த முரண்பாட்டையே தன் மொழியாக்கிக்கொண்டவர் பிரிட்டிஷ் கலைஞர் யூவன் ஹெண்டர்சன் (1934–2000). ஸ்டோன்வேர் மீது போர்சலினையும் எலும்புச் சாம்பல் கலந்த போன் சைனாவையும் படலம் படலமாக ஏற்றி, அவை சூட்டில் வெவ்வேறு விதமாகக் கொப்புளித்தும் வெடித்தும் போவதை அப்படியே வைத்துக்கொண்டார். அந்தத் துணிச்சலுக்கு முன் முதலில் ஒரே மண்ணில் கை பழகுவது நல்லது என்பது என் அபிப்பிராயம்.

கட்டி முழுக்கக் காய்ந்ததும் அகலமான தட்டு ஒன்றில் நகக்கண் ஆழத்துக்குத் தண்ணீர் ஊற்றி, அரிக்க வேண்டிய பக்கத்தை அதில் நிறுத்துகிறேன். முதலில் மெல்லிய சத்தம் ஒன்று கேட்கும், காற்று வெளியேறும் சத்தம். ஈரக்கோடு கருமையாக மேலே ஏறும். மணல் கலந்த அடுக்குதான் முதலில் விடும். ஒரு பக்கம் சரிந்து அடியில் சிறு மேடாகக் குவியும். கலப்பில்லாத அடுக்கு செதில் செதிலாகப் பிரியும். காகிதக்கூழ் அடுக்கு மட்டும் அசையாமல் உதடு போல் துருத்திக்கொண்டு நிற்கும், நார் விடாமல் பிடித்திருப்பதால். சில நிமிடங்களில் எடுத்துவிட வேண்டும். அடுத்த சுற்றுக்கு முன் கட்டி மறுபடியும் முழுக்கக் காய வேண்டும்; ஈரத்தோடு திரும்ப வைத்தால் உள்ளே எவ்வளவு ஊறியிருக்கிறது என்று தெரியாமல் ஒரு பக்கமே அடியோடு சரிந்துவிடும்.

மழைக்கும் காற்றுக்கும் திசை உண்டு. தெளிப்பானால் தண்ணீர் அடிக்கும்போது கட்டியைச் சுற்றிச் சுற்றி வருவதில்லை. ஒரே பக்கத்திலிருந்து, ஒரே சாய்வில் அடிக்கிறேன். எதிர்ப்பக்கம் கிட்டத்தட்ட முழுமையாக இருந்துவிடும். பார்ப்பவர் சிற்பத்தைச் சுற்றி நடக்கும்போது, காற்று எந்தப் பக்கம் இருந்து வந்தது என்பதை அவரே கண்டுபிடித்துவிடுவார்.

இன்னும் நுணுக்கமான வேலைக்கு ஷெல்லாக். ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கை, சுக்காகக் காய்ந்த மண்ணின் மீது தூரிகையால் பூசி உலரவிட்டு, ஈர ஸ்பாஞ்சால் துடைத்தால், பூச்சு இல்லாத இடம் மட்டும் கரைந்து தாழும். மேலும் ஓர் அடுக்கு பூசி, மறுபடி துடைத்தால் இன்னொரு படி கிடைக்கும். மெழுகுக் கரைசலிலும் இதைச் செய்யலாம். விளிம்பு கூராக நிற்க எனக்கு அரக்குதான் ஒத்துவருகிறது. வாளித் தண்ணீரை அடிக்கடி மாற்றுங்கள். மண் நிறைந்த ஸ்பாஞ்ச் துடைப்பதற்குப் பதிலாக மெழுகிவிடும், அரித்த பள்ளத்தை மறுபடி சேறால் நிரப்பிவிடும். அரக்கைச் சித்திரம் வரையப் பயன்படுத்துவதில் எனக்கு ஆர்வமில்லை. சொட்டவிட்டு, வழியவிட்டு, அது போன பாதையில் ஒரு கெட்டித்தோல் உருவாக்குவதோடு நிறுத்திக்கொள்கிறேன். மீதியைத் துடைப்பு முடிவு செய்யும். அரக்கு சூளையில் எரிந்து புகையாகப் போகும், எனவே காற்றோட்டம் கட்டாயம்.

விரிசல்களைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் எல்லோரும் முதலில் கைவைப்பது அதில்தான். சேறு காயும்போது மேற்பரப்பு சுருங்கப் பார்க்கிறது, அடிப்பகுதி விட மறுக்கிறது. அந்த இழுபறியில்தான் விரிசல். முதல் காய்ச்சலில் புது விரிசல் ஒன்று பழைய விரிசலை ஏறக்குறையச் செங்குத்தாகச் சென்று முட்டும், 90 டிகிரியில். நனைந்து காய்ந்து, நனைந்து காய்ந்து வந்த சேற்றில் மூன்று விரிசல்கள் 120 டிகிரியில் கூடும் சந்திப்புகள் அதிகமாகின்றன. அதாவது அந்த நிலம் எத்தனை பருவம் பார்த்தது என்பது விரிசலின் கோணத்திலேயே இருக்கிறது. இன்னொன்று, படலம் எவ்வளவு தடிமனோ அவ்வளவு பெரிய துண்டுகளாக உடையும். மெல்லிய படலம் பொடிப்பொடியாகப் பிளக்கும்.

இதை அப்படியே வேலைக்குக் கொண்டுவரலாம். பிஸ்க் எனப்படும் முதல் சூடு முடிந்த உருவத்தின் மீது கெட்டியான களிக்குழம்பை அடியில் தடிமனாகவும் மேலே போகப்போக மெல்லியதாகவும் பூசுகிறேன். காயும்போது அடியில் அகலத் துண்டுகள், மேலே நுண்ணிய வலை, நடுவில் இரண்டுக்கும் இடைப்பட்டவை என்று தானாக அமையும். விரிசல் கோடுகளை ஊசியால் கீறியிருந்தால் இந்தப் படிமாற்றத்தை நான் நினைத்தே இருக்க மாட்டேன். துண்டுகள் உதிராமல் ஒட்டிக்கொள்ள, குழம்பில் கொஞ்சம் ஃபிரிட், அதாவது உருக்கி அரைத்த கண்ணாடித் தூள், சேர்த்துக்கொள்ளலாம். ஓரங்கள் சற்று மேலே சுருண்டால் இன்னும் நல்லது; மேற்பக்கம் முந்திக் காய்வதால் வரும் சுருள் அது.

சோடியம் சிலிக்கேட் என்ற பிசுபிசுப்பான திரவத்தைப் பூசி, மேல்தோலை அனல்காற்றால் உலர்த்தி, உள்ளிருந்து சுவரைத் தள்ளி விரிய வைக்கும் முறையும் உண்டு. வேகமாக அழகான பிளவுகள் வரும். உருவம் முழுக்க ஒரே மாதிரி வந்துவிடுவதுதான் அதன் குறை. ஒரு பக்கத்தில் மட்டும், ஒரு காரணத்தோடு வந்தால் நன்றாக இருக்கும். கையுறை போடாமல் அதைத் தொட வேண்டாம்.

எரிந்து மறையும் பொருள்களை மண்ணில் கலப்பது அடுத்த வழி. மரத்தூள், தானியம், சுள்ளி, களிக்குழம்பில் தோய்த்த துணி, கயிறு, கடற்பஞ்சு எல்லாம் சூளையில் போய், அவை இருந்த இடம் வெறுமையாக நிற்கும். ஒரே அளவுத் தானியத்தை மட்டும் கலந்தால் ஒரே மாதிரி நீள்வட்டத் துளைகள் வரிசை கட்டிக் காட்டிக்கொடுத்துவிடும். தூளும் சுள்ளியும் கலந்து, சில இடங்களில் கொத்தாக, சில இடங்களில் ஒன்றுமே இல்லாமல் வைத்தால் துளைகளுக்குள் ஓர் உறவு வரும். சூட்டை அவசரப்படுத்தக் கூடாது. 300 முதல் 700 டிகிரி வரை சூளையின் காற்றுவழியைத் திறந்து வைத்து, மெதுவாக ஏற்றுங்கள். கரி முழுக்க எரியாமல் உள்ளே தங்கினால், உயர்சூட்டில் அது வாயுவாகி வெளியேற வழியில்லாமல் சுவரை உப்ப வைக்கும். மின்சூளையின் கம்பிச்சுருள்களுக்கும் இந்தப் புகை ஆகாது, அதனால் ஒரே சுமையில் நிறைய வைப்பதில்லை.

தடித்த கட்டிகளுக்கு இன்னொரு எச்சரிக்கை. கையில் காய்ந்ததாகத் தோன்றும் மண்ணின் நடுவில் ஈரம் இருக்கும். 80 அல்லது 90 டிகிரியில் இரவு முழுக்க நிறுத்திவைத்து, அதன் பிறகுதான் 100-ஐத் தாண்ட விடுகிறேன். 573 டிகிரியை ஒட்டிக் குவார்ட்ஸ் தன் படிக அமைப்பை மாற்றிக்கொண்டு சட்டென்று விரியும். ஏறும்போதும் இறங்கும்போதும் அங்கே நிதானம் வேண்டும்.

கிளேஸில்தான், அதாவது சூட்டில் உருகிக் கண்ணாடிப் படலமாகும் மேல்பூச்சில்தான், எனக்கு அதிக மகிழ்ச்சி. சாதாரணப் பாத்திர வேலையில் குற்றமாகக் கருதப்படும் இரண்டு விஷயங்கள், கிளேஸ் கொப்புளிப்பதும் திரண்டு ஒதுங்குவதும், இங்கே முக்கியக் கருவிகளாகிவிடுகின்றன. கிளேஸில் 1 முதல் 3 சதவீதம் நுண்ணிய சிலிக்கான் கார்பைடு சேர்த்தால், உருகிய நிலையில் அது வாயு விட்டுக்கொண்டே இருக்கும். குமிழி மேலே வந்து உடைந்து எரிமலைப் பாறை போல் பள்ளமாகும். மண்பாண்டக் கலைஞர்களான லூசி ரீயும், கெர்ட்ரூட், ஆட்டோ நாட்ஸ்லர் தம்பதியும் இருபதாம் நூற்றாண்டின் நடுவில் இந்தப் பள்ள மேற்பரப்புகளை எவ்வளவு உயரத்துக்குக் கொண்டு போனார்கள் என்பதை அவர்களுடைய கிண்ணங்களின் படங்களில் பார்க்கலாம். எல்லா இடத்திலும் ஒரே தடிமனில் பூசாதீர்கள். கட்டி வைத்த பள்ளங்களில் தடிமனாகவும் மேடுகளில் மெல்லியதாகவும் பூசினால், பள்ளம் கொதித்துப் புரையோடும், மேடு மழுங்கி அமைதியாக நிற்கும். சூளையிலிருந்து வந்ததும் உடைந்த குமிழிகளின் ஓரம் கண்ணாடிச் சில்லு மாதிரி வெட்டும். தண்ணீரில் நனைத்து, சாணைக்கல்லால் தேய்க்க வேண்டும். உலர்வாகத் தேய்த்தால் பறக்கும் சிலிக்காத் தூள் நுரையீரலில் தங்கிவிடும். காய்ந்த மண்ணைச் சுரண்டும்போதும் இதே ஆபத்துதான். பட்டறையைப் பெருக்காமல் ஈரத்துணியால் துடைப்பதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

பாறைப்பாசி போன்ற மேற்பரப்புக்கு மக்னீசியம் கார்பனேட். நெஃபலின் சயெனைட் (கிளேஸை உருகவைக்கும் பாறைத்தூள்) 70, மக்னீசியம் கார்பனேட் 25, பால் கிளே (ball clay என்ற நுண்ணிய களிமண்) 5 என்பது கோன் 6 சூட்டுக்குப் பலரும் தொடங்கும் அளவு; கோன் என்பது சூளைச் சூட்டின் அளவுக்குறி. தடிமனாகப் பூசிக் காயவிட்டால் கிளேஸே சேறு மாதிரி விரிசல் விடும். சூட்டில் ஒவ்வொரு துண்டும் தன்னை இழுத்துக்கொண்டு தனித்தனித் தீவாகும். இடைவெளியில் அடி மண் தெரியும் என்பதால், முதலிலேயே இரும்பு ஆக்சைடு கலந்த கரிய குழம்பு ஒன்றை அடியில் பூசிவைப்பேன். பூசிய உருவத்தைச் சூளைக்குள் வைக்கும்போது துண்டுகள் உதிரும். அலமாரித் தட்டின் மேல் ஒரு கழிவுத்தட்டு வைத்து அதன் மேல்தான் வைக்க வேண்டும். உண்மையான பாசி எங்கே வளர்கிறது என்று கவனித்துவிட்டுப் பூசுங்கள். நீர் தங்கும் பிளவிலும் ஒதுக்குப்புறத்திலும் இருக்கும். ஓயாமல் உரசல் படும் விளிம்பில் இருக்காது.

நிறத்துக்கு வருகிறேன். ஆக்சைடு கரைசலைப் பூசி, மேட்டைத் துடைத்து, பள்ளத்தில் விடுவது எல்லோரும் செய்வது. அப்படிச் செய்தால் உருவம் முழுக்க ஒரே சீராகப் பழமை ஏறி, புதிதாகச் செய்த பழம்பொருள் மாதிரி ஆகிவிடும். என் வழி வேறு. பிஸ்க் முடிந்த உருவத்தை நிற்க வேண்டிய நிலையில் நிறுத்தி, உச்சியிலிருந்து வெறும் தண்ணீரை மெதுவாக ஊற்றுகிறேன். எங்கே வழிகிறது, எந்த உதட்டில் நின்று சொட்டுகிறது, எந்தக் குழியில் தேங்குகிறது என்று பார்க்கிறேன். பிஸ்க் மண் தண்ணீரை உறிஞ்சிக் கருக்கும். பிறகு மேடுகள் முதலில் வெளுக்கும், ஓட்டப்பாதை அடுத்து, தேங்கிய குழி கடைசியாக. கடைசிவரை கருமையாக இருந்த இடங்களைப் பென்சிலால் குறித்துக்கொண்டு, உருவம் முழுக்கக் காய்ந்த பிறகு அங்கே மட்டும் இரும்பு, அதற்கு வெளியே நீர்த்த இரும்பு, ஓட்டப்பாதையில் சிறிது தாமிரக் கார்பனேட் என்று வைக்கிறேன். பென்சில் கோடு சூளையில் எரிந்துபோகும். மாங்கனீஸ் அழகான கருமை தரும் என்பார்கள். அதன் தூளும் சூளைப் புகையும் நரம்பு மண்டலத்துக்குக் கேடு என்பதால் என் பட்டறையில் அதை வைத்துக்கொள்வதில்லை.

எங்கே நிறுத்துவது என்பதுதான் இந்த வேலையில் மிகக் கடினமான முடிவு. சிதைவின் ஒவ்வொரு படியும் முந்தையதைவிட அழகாகத் தெரியும், கை நிற்காது. எனக்கு உதவும் அளவுகோல் ஒன்று உண்டு: சிதையாத ஓர் இடமாவது மிஞ்சியிருக்க வேண்டும். ஒரு நேரான முகப்பின் துண்டோ, ஒரு வளைவின் தொடக்கமோ இருந்தால்தான், இழந்தது எவ்வளவு என்று கண் அளந்து பார்க்க முடியும். எல்லாமே உதிர்ந்துவிட்டால் அது வெறும் கரடுமுரடு. அடுத்து பலம். துருத்தும் பகுதிகளுக்கு அதே மண்ணில் முட்டுக் கொடுத்துச் சுட வேண்டும், அப்போதுதான் இரண்டும் சேர்ந்து சுருங்கும். திறந்த வெளியில், உறைபனி விழும் இடத்தில் வைக்கும் சிற்பமானால் எல்லாக் குழிக்கும் வடிகால் வேண்டும். நீர் உறையும்போது சுமார் 9 சதவீதம் விரிவதால், துளைகள் நிறைந்த மண் ஒரே குளிர்காலத்தில் நிஜமாகவே சிதையத் தொடங்கிவிடும்.

நிறுத்தவே வேண்டாம் என்று முடிவெடுத்தவர்களும் இருக்கிறார்கள். பிரிட்டிஷ் கலைஞர் ஃபீபி கம்மிங்ஸ் 2017-இல் லண்டன் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் சுடாத களிமண்ணால் அலங்கார நீரூற்று ஒன்றைச் செய்து வைத்தார். தண்ணீர் ஓட ஓட அது கரைந்துகொண்டே போனது. எனக்கு அந்தத் துறவு கைவரவில்லை. தண்ணீர் செய்ததைத் தீயால் பிடித்து வைக்கவே ஆசைப்படுகிறேன். ஆனாலும் சுடாத சோதனைக் கட்டிகளை ஒரு மூலையில் வைத்து, கூரைச் சொட்டின் கீழே விட்டுப் பார்ப்பது நல்ல பாடம். எந்தக் கலவை எப்படி விடுகிறது என்பதை அவை காட்டிவிடும்.

இப்போது என் கவனமெல்லாம் சோடா ஆஷில், அதாவது சோடியம் கார்பனேட்டில், இருக்கிறது. பாறையில் உப்பு செய்யும் வேலைக்கு மிக நெருக்கமானது இதுதான். சாதாரண உப்பை மண்ணில் கலந்தால் சூட்டில் வரும் ஆவி மின்சூளையைப் பாழாக்கும், சுவாசிக்கவும் ஆகாது. அதற்குப் பதிலாகச் சோடா ஆஷைச் சிறிதளவு வெந்நீரில் கரைத்து மண்ணோடு பிசைகிறேன். மண் காயக் காய, நீர் அதைச் சுமந்துகொண்டு வெளியே வரும். காற்று அதிகம் படும் கூரிய விளிம்பிலும் மேட்டிலும் நீர் ஆவியாகி, சோடா வெண்பூவாகப் பூக்கும். சூட்டில் அந்த இடம் மட்டும் பளபளப்பேறும். பழைய எகிப்தியப் பசைமண் தனக்குத்தானே மெருகேறுவதும் இப்படித்தான். ஒரு பக்கத்தைப் பிளாஸ்டிக் தாளால் மூடி, மறுபக்கத்தைக் காற்றுக்குத் திறந்து வைத்தால், உப்பு எங்கே பூக்க வேண்டும் என்பதை நாமே திசைதிருப்பலாம். பூத்த பிறகு விரல் படக் கூடாது. பட்ட இடம் சூட்டில் மங்கிய தடமாக வந்துவிடும். அதனால் உருவத்தைக் காயப் போடும்போதே பலகையில் வைத்து, அந்தப் பலகையோடு சூளை வரை கொண்டு போய், அடியில் கைகொடுத்துத்தான் உள்ளே இறக்குகிறேன்.